ஒரு துளிக் குருதி, இரு கேள்விகள்: மட்டாஞ்சேரியும் பக்கவாதத்தின் மரபியலும்

மட்டாஞ்சேரி பரதேசி யூதப்பள்ளியின் பெரும் செல்வம் ஒரு செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்கு அளித்த 72 உரிமைகளை அது பதிவு செய்கிறது. அதன் காலம் கி.பி. 1000 என்பது வரலாற்றறிஞர் எம்.ஜி.எஸ். நாராயணன் முன்வைத்துப் பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. வட்டெழுத்தில், வடசொற்களுக்குக் கிரந்தம் கலந்து எழுதப்பட்ட அதன் மொழி, தமிழும் மலையாளமும் முற்றாகப் பிரிந்துவிடாத காலத்தது. கல்வெட்டுத் தமிழில் பயிற்சி உடையவர் அதைப் பெரிய தடையின்றிப் படித்துவிடலாம். பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, அஞ்சுவண்ணம் என்று உரிமைகளும் பெருமைகளும் அதில் அடுக்கப்படுகின்றன. உல்கும் துலாக்கூலியும் தள்ளுபடி செய்யப்படுகின்றன.

பட்டியலைவிடக் கவனிக்க வேண்டியது அதன் பின் வரும் வாரிசு விதி. இவ்வுரிமைகள் ரப்பானின் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும், அவன் பெண்மக்களை மணந்தவர்களுக்கும் உரியவை என்கிறது செப்பேடு. மருமக்கள் என்ற சொல் உடன்பிறந்தாளின் மக்களையும் குறிக்கும், மகளின் கணவனையும் குறிக்கும். திராவிட உறவுமுறையில் இரண்டும் ஒரே சொல்லில் அடங்குவது இயல்பு. சாசனம் எழுதியவர் அதில் ஐயம் எழாதபடி மகளை மணந்தவரைத் தனியே சுட்டியிருக்கிறார். அதாவது, உரிமை குருதி வழியாகவும் செல்கிறது, மணத்தின் வழியாகவும் செல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தத் தெளிவு, இன்று நோய்களின் மரபியலைப் பேசுவோரிடம் பல வேளைகளில் இருப்பதில்லை.

ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எது கடந்து செல்கிறது, எந்த வழியில் செல்கிறது என்ற வினா மட்டாஞ்சேரியில் முதலில் மானத்தின் வினாவாகவும், பின்னர் இனத்தின் வினாவாகவும், அண்மையில் மருத்துவத்தின் வினாவாகவும் எழுந்தது. மூன்று முறையும் சாட்சிக்கு அழைக்கப்பட்டது குருதிதான்.

*

கொச்சித் துறைமுகத்தை உருவாக்கியது ஒரு வெள்ளம். 1341இல் பெரியாறு பெருக்கெடுத்து முசிறி வாயிலைத் தூர்த்தது. தெற்கே கொச்சிக் கழிமுகம் ஆழப்பட்டது. வணிகம் நகர்ந்தது, வணிகரும் நகர்ந்தனர். கொடுங்கல்லூரிலிருந்து யூதர் வந்தனர். ஸ்பெயினிலிருந்து 1492இலும் போர்ச்சுகலிலிருந்து அதன் பின்னும் துரத்தப்பட்ட யூதரில் சிலர் அடுத்த நூற்றாண்டில் இங்கு வந்து சேர்ந்தனர். கொச்சி அரசர் அரண்மனையை ஒட்டிய நிலத்தை அவர்களுக்கு அளிக்க, 1568இல் பரதேசிப் பள்ளி எழுந்தது. கோவாவில் போர்ச்சுகீசியரின் சமய விசாரணைக்கு அஞ்சி வந்த கொங்கணியர் சேர்லாயில் திருமலை தேவஸ்வத்தை நிறுவினர். கச்சி மேமன், குஜராத்தி வணிகர், சமணர், தக்கினி பேசும் முஸ்லிம்கள், தமிழ் பேசும் இராவுத்தர், தமிழ்ப் பிராமணர் எனப் பலர் அடுத்தடுத்து வந்தனர். பக்கத்திலுள்ள கொச்சிக் கோட்டைப் பகுதியில், டச்சுக்காரர் தங்கள் முன்னோரைச் சலவைத் தொழிலுக்காக அழைத்து வந்ததாகச் சொல்லும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

சில சதுர கிலோமீட்டர் பரப்பில் இத்தனை சமூகங்கள் நெருங்கி வாழ்ந்தன. கடையில் கலந்தனர், மொழியில் கலந்தனர். மணத்தில் மட்டும் பெரும்பாலும் கலக்கவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கிடையே அகமணம் என்ற கண்ணுக்குத் தெரியாத மதில் நின்றது. பன்மைக்குப் பெயர்பெற்ற மட்டாஞ்சேரி, மரபியலாளரின் பார்வையில் தனித்தனிக் குளங்களின் தொகுப்பு.

மதில் சமூகங்களுக்கிடையே மட்டும் நிற்கவில்லை. யூதருக்குள்ளேயே ‘வெள்ளை யூதர்’ என்றும் ‘கறுப்பு யூதர்’ என்றும் பிரிவு இருந்தது. பரதேசிப் பள்ளியினுள், அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழியினர் எனக் கருதப்பட்டோர் தனியே வைக்கப்பட்டனர். அவர்களுக்குப் பள்ளியின் முன்னறையே இடம். இந்தத் தகராறு பழையது. 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் வாழ்ந்த டேவிட் இப்னு சிம்ரா என்ற சமயச் சட்ட அறிஞருக்குக் கொச்சியிலிருந்து கேள்வி போனது: வழிமரபில் குறை சொல்லப்படுபவரோடு மணவுறவு கொள்ளலாமா? முறைப்படி சமயத்தில் சேர்ந்தபின் தடையில்லை என்பதே அவர் விடை. கொச்சியின் உயர்குடியினர் அந்த விடையை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

20ஆம் நூற்றாண்டில் இதை எதிர்த்து நின்றவர் வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967). முன்னறைக்கு ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த அவர், காந்திய வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். ‘யூதக் காந்தி’ என்று பெயர் பெற்றார். யூதத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அனைவரும் ஒரே வேதத்தை ஓதினர். ஒரே மலையாளத்தைப் பேசினர். பிரித்து வைத்ததெல்லாம் ‘தூய குருதி’ என்ற ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு அப்போது ஆய்வுக்கூடச் சான்று எதுவும் இல்லை, வேண்டியிருக்கவும் இல்லை.

*

சான்று தேடும் காலமும் வந்தது. 1901இல் கார்ல் லான்ட்ஸ்டைனர் மனிதக் குருதியை வகைகளாகப் பிரித்துக் காட்டினார். முதல் உலகப் போரின்போது சலோனிக்கா முனையில் லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்டும் அவர் மனைவி ஹன்னாவும் பல நாட்டுப் படைவீரரின் குருதி வகைகளைச் சோதித்து 1919இல் வெளியிட்டனர். ஐரோப்பியரிடம் ஏ வகை மிகுதி, இந்தியப் படைவீரரிடம் பி வகை மிகுதி என்ற அவர்களது முடிவு, குருதி வகையை இனத்தின் முத்திரையாகக் கருதும் மோகத்தைக் கிளப்பியது.

அந்த அலையில் கொச்சிக்கும் ஊசி வந்தது. ரோஜாச் செடிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து பெயர்பெற்ற எய்லீன் எர்லன்சன் மக்ஃபர்லேன், 1930களில் கொச்சி அரசின் சாதிகள், பழங்குடிகள், யூதர் ஆகியோரின் குருதி வகைகளைத் திரட்டினார். கொச்சி யூதரின் இன உறவுகளைப் பற்றிய அவரது கட்டுரை 1937இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கெய்ரோ அறிஞரிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியே இப்போது சோதனைக் குழாயிடம் கேட்கப்பட்டது: இவர்கள் யார், யாருடைய வழியினர்?

அந்தக் குழாயில் இருந்த ஏ, பி, ஓ என்ற எழுத்துகள் வேறொரு கேள்விக்கும் விடை வைத்திருந்தன. அதைக் கேட்க அன்று எவருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் வழியில்லை.

அடுத்து வந்த ஊசி இரவில் வந்தது. இஸ்ரேல் உருவானபின் கொச்சி யூதர் குடிபெயர விரும்பினர். அவர்கள் தொகை ஏறத்தாழ 2,400. கொச்சிக் கடலோரத்தில் பரவியிருந்த யானைக்கால் நோய் அவர்களோடு சேர்ந்து வந்துவிடும் என்று அங்குள்ள சுகாதாரத் துறையினர் அஞ்ச, பயணம் தள்ளிப்போனது. அந்நோயின் நுண்புழுக்கள் இரவிலேயே தோலருகிலுள்ள குருதிக்கு வரும். எனவே குருதியும் இரவில் எடுக்கப்பட்டது. 1950களின் நடுவில் பெரும்பாலோர் கப்பலேறினர். மட்டாஞ்சேரியில் எஞ்சியவர் தொகை படிப்படியாகச் சுருங்கி, இன்று விரல்விட்டு எண்ணும் நிலையில் உள்ளது.

குடிபெயர்ந்தோரிடம் மூன்றாம் முறையாகக் குருதி கேட்கப்பட்டது. 1980இல் வெளிவந்த ஆய்வு அவர்களது குருதி வகைகளையும் நொதிகளையும் திசு அடையாளங்களையும் பதிவு செய்தது. 2016இல் யெடயெல் வால்ட்மன் குழுவினர் முழு மரபணுத்தொகுதி அளவில் ஆராய்ந்து வெளியிட்டனர். கொச்சி யூதரிடம் இந்திய மூதாதையரின் பங்கும் யூத மூதாதையரின் பங்கும் சேர்ந்தே உள்ளன. யூத மரபின் கணிசமான வரவு 13 முதல் 22 தலைமுறைகளுக்கு முன், அதாவது ஏறத்தாழ 470 முதல் 730 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. ஏமன், ஸ்பெயின் வழி, மத்தியகிழக்கு யூதர் ஆகிய மூவரின் பங்கும் அதில் உண்டு. ஆண்டுக்கணக்கில் மாற்றினால் அது 13ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான காலம். பெரியாற்று வெள்ளமும் ஸ்பெயினின் வெளியேற்றமும் அந்த இடைவெளிக்குள்ளேயே விழுகின்றன. ஆவணமும் மரபணுவும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ‘தூய குருதி’ என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டிலும் இடமில்லை.

*

இனி நோய்க்கு வரலாம். பக்கவாதம், பாரிசவாயு, பட்சாகாதம் என்ற பழம்பெயர்கள் யாவும் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கின்றன: உடலின் ஒரு பக்கம் வீழ்ந்துவிட்டது. வீழ்ந்ததன் காரணம் மண்டையோட்டுக்குள் மறைந்திருப்பதால் பெயர் அதைச் சொல்ல இயலாது. 1658இல் ஸ்விட்சர்லாந்தின் யோகான் யாக்கோப் வெப்ஃபர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்துச் சிலரிடம் குருதி கசிந்திருப்பதைக் காட்டினார். டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியது அதற்கு ஐந்தாண்டுகளின் பின், 1663இல். ஆனால் உயிரோடு இருப்பவரிடம் கசிவா, அடைப்பா என்று உறுதியாகக் கண்டறிவது 1970களில் கணினிவழி எக்ஸ்ரே ஸ்கேன் வந்தபின்னரே இயன்றது.

பக்கவாதம் ஒரு நோயன்று. ஒரே வாயிலில் வந்து முடியும் பல நோய்கள். குழாய் அடைபட்டு மூளைத் திசு மாண்டால் அது அடைப்புவகை. குழாய் வெடித்தால் அது கசிவுவகை. அடைப்பிலும் மூன்று பெரும் பிரிவுகள் உண்டு: கழுத்துத் தமனி போன்ற பெருங்குழாயில் கொழுப்புப் படிவதால் வருவது, சீரற்றுத் துடிக்கும் இதயத்தில் உறைந்த கட்டி மூளைக்குப் போவதால் வருவது, மூளையின் ஆழத்திலுள்ள நுண்குழாய்கள் கெடுவதால் வருவது. திருவனந்தபுரத்தில் 2005இல் நடந்து 2009இல் வெளியான பக்கவாதப் பதிவேட்டு ஆய்வு, வயது சீர்செய்த கணக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 135 பேர் புதிதாகப் பாதிக்கப்படுவதைக் கண்டது. அவர்களில் ஆறில் ஐந்து பங்கினருக்கு அடைப்புவகை.

இந்தப் பிரிவினையை மறந்து மரபணு தேடியவர்கள் தடுமாறினர். 2003இல் ஐஸ்லாந்திலிருந்து ஒரு மரபணு பக்கவாதத்தின் மரபணுவாக அறிவிக்கப்பட்டது. பிற நாடுகளின் ஆய்வுகள் அதை ஒருமுகமாக உறுதிப்படுத்தவில்லை. வகை பிரித்துத் தேடியபோதே பாதை தெளிந்தது. இதயத்துடிப்பின் ஒழுங்கோடு தொடர்புடைய பிட்எக்ஸ்2 மரபணுவின் அருகிலுள்ள மாறுபாடு, இதயத்திலிருந்து கட்டி போகும் வகையோடு மட்டும் பொருந்தியது. எச்டேக்9 பெருங்குழாய் வகையோடு பொருந்தியது. குழாய்ச் சுவரின் கட்டுமானப் புரதத்தை ஆக்கும் சிஓஎல்4ஏ1 நுண்குழாய் நோயிலும் கசிவிலும் தென்பட்டது. மறதிநோயால் அறியப்பட்ட ஏபிஓஇ மூளையின் புறப்பகுதிக் கசிவோடு சேர்ந்தது. மெகாஸ்ட்ரோக் கூட்டாய்வு 2018இல் 32 மரபணு இடங்களைப் பட்டியலிட்டது; ஜிகாஸ்ட்ரோக் 2022இல் 1,10,182 நோயாளிகளின் தரவைக் கொண்டு அதை 89 ஆக்கியது.

அப்பட்டியலில் ஒரு பழகிய பெயர் உண்டு: ஏபிஓ. லான்ட்ஸ்டைனர் கண்டதும் மக்ஃபர்லேன் கொச்சியில் எண்ணியதும் அதே மரபணுவின் மாறுபாடுகளைத்தான். ஓ அல்லாத வகையினரின் குருதியில், உறைதலுக்கு உதவும் வான் வில்லிபிராண்ட் காரணியின் அளவு கூடுதலாக இருக்கும். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஏபிஓ மாறுபாடு பெருங்குழாய் வகையோடும் இதயவழி வகையோடும் தொடர்புடையது, நுண்குழாய் வகையோடு தொடர்பற்றது என்று காட்டியது. 2022இல் வெளியான பெரும் தொகுப்பாய்வு, 60 வயதுக்குள் வரும் அடைப்புவகைப் பக்கவாதத்தின் அபாயம் ஏ வகையினருக்கு 16 விழுக்காடு கூடுதல், ஓ வகையினருக்கு 12 விழுக்காடு குறைவு என்றது. யார் எந்த இனம் என்பதைச் சொல்லும் என்று நம்பி 1930களில் எடுக்கப்பட்ட துளி, அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. யாருடைய குருதி எளிதில் உறையும் என்பதை அது சொல்லியிருக்கும்.

*

இந்த வெற்றிக் கதையில் ஒரு பெரும் ஓட்டை உண்டு. ஜிகாஸ்ட்ரோக் ஆய்வின் நோயாளிகளில் மூன்றில் இரு பங்கு ஐரோப்பிய மரபினர். உலக மக்களில் நான்கில் ஒருவராகிய தெற்காசியரின் பங்கு நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டவில்லை. தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது. தேடியபோது கிடைத்ததற்குச் சான்று நாட்ச்3. பரம்பரை நுண்குழாய் நோய் ஒன்றின் காரணமாக 1996இல் கண்டறியப்பட்ட இம்மரபணுவின் கேடுகள் மிக அரியவை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2024இல் பாகிஸ்தான் தரவிலிருந்து வெளியான ஆய்வு, இதன் ஒரு மாறுபாட்டைத் தெற்காசியரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் சுமப்பதாகவும், சுமப்பவருக்குக் கசிவுவகைப் பக்கவாதத்தின் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் எனவும் காட்டியது. ஐரோப்பியரிடம் மிக அரிதான அது, ஐரோப்பியரை மட்டும் எண்ணிய பட்டியல்களில் இடம்பெறாமல் போனதில் வியப்பில்லை.

மட்டாஞ்சேரியின் தனித்தனிக் குளங்கள் இங்கேதான் பொருள் பெறுகின்றன. சிலரே தொடங்கி வைத்த சமூகம் தனக்குள்ளேயே மணந்து பெருகும்போது, தொடங்கியவர் ஒருவரிடம் இருந்த அரிய மாறுபாடு வழியினரிடம் மலிந்துவிடும். இதை நிறுவனர் விளைவு என்பர். ஹைதராபாத் சிசிஎம்பியின் கே. தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் பங்கேற்ற 2017ஆம் ஆண்டு ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தது. அவற்றில் 81 குழுக்களின் நிறுவனர் விளைவு, மரபுநோய் ஆய்வுக்குப் பெயர்பெற்ற அஷ்கனாசி யூதர், ஃபின்லாந்தியர் ஆகியோருடையதைவிடக் கடுமையானது. சாதி என்ற சமூக நிறுவனம் மரபணுத்தொகுதியில் தன் கையெழுத்தை இட்டுச் சென்றிருக்கிறது.

ஆகவே இச்சமூகங்களை ஆராய வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்தச் சொற்களைக் கொண்டு ஆராய்வது என்பதே சிக்கல். ‘இந்தச் சாதிக்கு இந்த நோய்’ என்ற வாய்பாடு, யூதப்பள்ளியின் முன்னறைக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் வழங்குவதில் முடியும். அபாயத்தைச் சுமப்பது ஒரு மாறுபாடு, ஒரு சமூகமன்று. அச்சமூகத்தில் பெரும்பாலோர் அதைச் சுமப்பதில்லை, வெளியே பலர் சுமக்கலாம். மிகச் சிறிய சமூகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில நூறு பேரே உள்ள குழுவின் தரவில் பெயரை நீக்கிவிடுவதால் மட்டும் மறைவு கிடைத்துவிடாது. ஒருவர் தரும் ஒப்புதல் அவர் தங்கையின் குருதியைப் பற்றியும் பேசிவிடுகிறது. இரவில் விளக்கேந்தி வந்து குருதி எடுத்தவர்களை நினைவில் வைத்திருக்கும் மக்களிடம், எதற்காக எடுக்கிறோம் என்பதை முதலில் சொல்லும் கடமை ஆய்வாளருக்கு உண்டு.

அளவையும் மறக்கலாகாது. 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, மாற்றத்தக்க பத்துக் காரணங்களே பக்கவாதச் சுமையின் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு என்றது. உயர் இரத்த அழுத்தம் அதில் முதலிடம் பெற்றது. புகை, உணவு, உடலுழைப்பின்மை, மது ஆகியவையும் பட்டியலில் உண்டு. பொதுவான மரபணு மாறுபாடு ஒவ்வொன்றும் கூட்டும் அபாயம் சிறிது. ஏ வகைக் குருதியை மாற்ற இயலாது. அழுத்தத்தை அளந்து மாத்திரை தருவதற்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

தமிழில் ‘மரபணு’ என்ற சொல்லை ஆக்கியபோது ‘மரபு’ என்ற பழஞ்சொல் அதனுள் வந்து அமர்ந்தது. மரபு என்பது வழிவழி வந்த குருதி மட்டுமன்று. வழக்கமும் ஒழுகலாறும் மரபே. ஒரு வீட்டின் உப்பளவும் ஊறுகாயும் மரபு. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடும் பழக்கமும் மரபு. அவை மரபணு வழியே செல்வதில்லை. சமையலறை வழியே செல்கின்றன, மணம்செய்து வந்தவரையும் பற்றிக்கொள்கின்றன. மட்டாஞ்சேரிச் செப்பேடு மக்களோடு நிறுத்திக்கொள்ளாமல் மகளை மணந்தவனையும் வாரிசாக எண்ணியது. பக்கவாதத்தின் வாரிசுரிமையை எழுதப் புகுவோரும் அந்த இரண்டாம் வரியை விட்டுவிடக் கூடாது.